தாமாக முன்வந்து

என் வாக்குமூலம் இரண்டு பக்கம். தொழிற்சாலை ஆய்வாளர் ஹெப்சிபா மேடம் கேட்க, நான் சொல்ல, அவருடைய உதவியாளன் ஜெப்ரின் எழுதினான். நல்ல கையெழுத்து அவனுக்கு. படித்துக் காட்டிய பிறகு இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் அன்று காலை பதினொன்று பத்துக்கும் பதினொன்று ஐம்பதுக்கும் நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அதில் இல்லை.

என் பெயர் ஆண்டிச்சாமி. வெம்பக்கோட்டைக்கும் எம். புதுப்பட்டிக்கும் நடுவில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழ் உள்ள ஆள் இல்லாமல் கம்பெனியை நடத்தக் கூடாது. விபத்து என்று ஒன்று நடந்தால் முதலாளி வெளியூரில் இருப்பார். ரூம்களை உள்குத்தகைக்கு எடுத்தவன் தலைமறைவாகிவிடுவான். போர்மேன் மட்டும் வீட்டில் இருப்பான், போலீசுக்கு அலைச்சல் மிச்சம். இதெல்லாம் தெரிந்துதான் பதினாறு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கம்பெனியில் பன்னிரண்டு ரூம். ஒரு ரூமுக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்று சட்டம். அது நல்ல சட்டம். வெடித்தால் நான்கு பேரோடு போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆர்டர் நெருக்கும்போதெல்லாம் நான்கு பேர் ஏழாகும், ஒன்பதாகும், அதிலும் ஆவணி பிறந்துவிட்டால் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும். பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் நான்கு பேர், பெயர் இல்லாதவர்கள் மீதி. ஆய்வுக்கு வண்டி வந்தால் பெயர் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், பெயர் இல்லாதவர்கள் பின்வேலியில் உள்ள ஓட்டை வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய்விட வேண்டும். அதற்குச் சாப்பாட்டு மணியை அடிப்போம். நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் யாரும் தூக்குவாளியைத் தேட மாட்டார்கள், நேராக வேலிக்குத்தான் போவார்கள். சூலக்கரையில் உள்ள ஆய்வாளர் ஆபீஸிலிருந்து ஜீப் கிளம்பினால் வாட்ஸப்பில் தகவல் வந்துவிடும். அது எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது நாங்கள் எல்லோரும் உத்தமர்கள்.

பங்குனி மாதம் ஹெப்சிபா மேடம் முதல்முறையாக வந்தபோது இந்த ஏற்பாடு சறுக்கியது. சாத்தூர்க்காரர், அம்மா அங்கே டீச்சர். காபி, டீ, சோடா எதையும் தொட மாட்டார். தண்ணீர் பாட்டிலும் பேனாவும் அவரே கொண்டுவருவார். ஐந்தாம் நம்பர் ரூம் வாசலில் நின்றவர், உள்ளே பார்க்காமல் கீழே பார்த்தார்.

"உள்ள நாலு பேரு. வெளியே ஒன்பது ஜோடி செருப்பு. மீதி அஞ்சு ஜோடிக்குக் கால் எங்க?"

ரூம்களை உள்குத்தகைக்கு எடுத்திருந்த பாண்டிமுருகன் பக்கத்தில் நின்றான். "ஆளுக்கு ரெண்டு ஜோடி வச்சிருக்காக மேடம்" என்றான். மேடம் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

வெடிமருந்து ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது. செருப்பில் ஒட்டிய மணல் மருந்தில் விழுந்து உரசினால் போதும், தீக்குச்சி வேண்டாம். எங்கள் பக்கத்தில் செருப்போடு ஒருத்தி ரூமுக்குள் வந்தால் யாரும் அவளைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், எழுந்து வெளியே போய்விடுவார்கள். அதனால் வாசலில்தான் எல்லாச் செருப்பும் கிடக்கும். ஓடுகிறவர்கள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

நோட்டீஸ் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "செருப்ப எண்ணிட்டுப் போறா அந்தம்மா. நீ எதுக்குய்யா இருக்க?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மணி அடித்தால் ஓடுகிறவர்கள் முதலில் தங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். தீ விபத்து ஒத்திகை நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை நான் பதிவேட்டில் மட்டும் நடத்திவந்தேன். இந்தச் செருப்பு ஒத்திகையை நிஜமாகவே இரண்டு தடவை நடத்தினேன். நன்றாக ஓடினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, ஜீப் வருகிறது என்று தகவல் வந்தது. மணி அடித்தோம். அன்றைக்குக் கூடுதலாக இருந்தவர்கள் எட்டுப் பெண்கள். ஒத்திகையில் பழகியபடி செருப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். வேலிக்கு வெளியே ஓட்டைக்கு நேராக ஜெப்ரின் மோட்டார் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றான். வாட்ஸப்பில் ஜீப்பைத்தான் சொன்னார்கள், பைக்கைச் சொல்லவில்லை. அவன் அவர்களைப் பார்ப்பதற்குள் அவர்கள் அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த கதவு ஒன்பதாம் நம்பர் ரூம், அப்போது அதில் ஆள் இல்லை. எட்டுப் பேரும் அதற்குள் நுழைந்தார்கள். பாண்டிமுருகன் கதவைச் சாத்தி வெளியே பூட்டுப் போட்டான்.

நான் இருபதடி தூரத்தில் நின்றேன். மற்றவர்கள் போவதைப் பின்னாலிருந்துதான் பார்த்தேன். கடைசியாக நுழைந்தவள் எழில். வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது அவளுக்கு. என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். கதவு சாத்தும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஒன்பதாம் நம்பர் ரூமில் காலையில் கலந்த மருந்து இரண்டு தட்டு இருந்தது. மதியத்துக்குப் பூச்சட்டியில் செலுத்துவதற்காக மிச்சம் வைத்தது. அவ்வப்போது தேவைப்படுவதை மட்டும்தான் கலக்க வேண்டும், கலந்ததை எடுத்து வைக்கக் கூடாது. வைக்கச் சொன்னவன் பாண்டிமுருகன், தலையாட்டியவன் நான். ரூமுக்கு எதிரெதிராக இரண்டு கதவு உண்டு. பின்கதவை மறித்து அட்டைக் குழாய் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். ஜன்னலும் சாத்தியிருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதற்குள் எட்டுப் பேர், ஒவ்வொருத்தி கையிலும் மணல் ஒட்டிய ஒரு ஜோடி செருப்பு. போதாததற்கு வேர்வை. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேற ஆரம்பிக்கும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நான் எழுபத்தெட்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஜீப் வந்து நின்றது. மணி பதினொன்று பத்து.

மேடம் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பதிவேடுகளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மருந்து இருப்புப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஒத்திகைப் பதிவேடு. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும் நேரத்தில் நான் ஒரு குளத்தை வெட்டி முடித்திருக்கலாம். ஆபீஸில் பத்து நிமிடம், ரூம்களைச் சுற்ற ஒரு இருபது நிமிடம், அதற்குள் பாண்டிமுருகன் எப்படியாவது அவர்களை வெளியே எடுத்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். ஆனால் ஜெப்ரின் பின்பக்கமிருந்து சுற்றி வந்து முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டான். அங்கிருந்து பார்த்தால் பன்னிரண்டு கதவும் தெரியும்.

பதிவேடு முடிந்து வெளியே வந்த மேடம் பின்வரிசையிலிருந்து ஆரம்பித்தார். பன்னிரண்டு, பதினொன்று, பத்து. ஒன்பதில் நின்றார்.

"இது ஏன் பூட்டியிருக்கு?"

"ஒழுகுற ரூமு மேடம். புழங்குறதில்ல" என்றான் பாண்டிமுருகன்.

"சாவி?"

"மொதலாளி வீட்ல இருக்கு."

மேடம் என்னைப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நாலு விரற்கடை தூரத்தில் கதவு. உள்ளே இருந்து ஓர் இருமல்கூட வரவில்லை. எட்டுப் பேரும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

"ஆமா மேடம்" என்றேன்.

"சாவியக் கொண்டுவரச் சொல்லுங்க. நான் மத்த ரூம் எல்லாம் பாத்து முடிக்கிறதுக்குள்ள வரணும். வரலைன்னா பூட்டை உடைப்போம். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு, தெரியும்ல?"

தெரியும். பூட்டை உடைப்பதென்றால் கடப்பாரை. இரும்பும் இரும்பும் மோதுகிற இடத்திலிருந்து மருந்துத் தட்டு ஆறடி இருக்கும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சாவி பாண்டிமுருகன் இடுப்பில்தான் இருக்கிறது, உடைக்கிற நிலைமை வந்தால் அவனே எடுத்துக் கொடுத்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் கொடுத்தால் அவன் சொன்னதாகும், நான் சொன்னதாகாது. அந்த நேரத்தில் என் மூளை இந்த அளவுக்குத் தெளிவாகத்தான் வேலை செய்தது. பயத்தில் ஒன்றும் ஓடவில்லை என்று சொன்னால் அது பொய்.

எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. ஒவ்வொரு ரூமிலும் நான்கு பேர். வாசலில் நான்கு ஜோடி. மேடம் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு கட்டத்தில் எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

நான்காம் நம்பர் ரூமில் என் மனைவி சோலையம்மாள் வேலை பார்க்கிறாள். பதிவேட்டில் பெயர் உள்ளவள், அதனால் ஓட வேண்டிய ஆள் இல்லை. மணி அடித்தால் இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவள். அதனாலேயே அவளைப் பற்றி நான் நினைக்கவில்லை.

மேடம் வாசலில் நின்று கூப்பிட்டார். முதல் மூன்று பேரும் கை தூக்கினார்கள்.

"சோலையம்மாள்?"

"நாந்தான் மேடம்" என்றாள் ஜெயக்கொடி.

ஜெயக்கொடிக்குப் பதிவேட்டில் பெயர் இல்லை. முந்தின நாள் வேனிலிருந்து இறங்கும்போது கால் பிசகி நொண்டிக்கொண்டிருந்தவள். மேடத்தின் கண் அவள் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையில் ஒரு நொடி நின்றது. பிறகு பதிவேட்டில் அடுத்த கட்டத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் பேரு?"

ஜெயக்கொடி மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆண்டிச்சாமி" என்றாள்.

ஓட முடியாதவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, சோலை அவளுக்குப் பதிலாக ஓடியிருக்கிறாள். செருப்பை எடுத்துக்கொண்டுதான். நான் போட்ட உத்தரவு அல்லவா.

"மேடம்" என்றேன். "ஒம்பதாம் நம்பர் ரூம்ல எட்டுப் பேரு இருக்காக. மருந்தும் இருக்கு. சாவி பாண்டிமுருகன் இடுப்புல இருக்கு."

பாண்டிமுருகன், "ஏண்ணே, என்ன பேசுறீக?" என்றான்.

"சாவியக் குடுலே."

மேடம் சத்தம் போடவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போனது. "எவ்வளவு மருந்து?" என்று கேட்டார்.

"ரெண்டு தட்டு. அலுமினியம் போட்டது. அவுக கையில செருப்பு இருக்கு."

அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற ரூம்களில் இருந்தவர்களை எல்லாம் ஓடாமல், தள்ளாமல் கேட்டுக்கு வெளியே போகச் சொன்னார். ஜெப்ரின் ஜெயக்கொடியைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனான். நான் சாவியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒன்பதாம் நம்பர் வாசலுக்குப் போனேன். மேடத்தைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பத்தடி தள்ளி நின்றார், அதற்கு மேல் போகவில்லை.

பூட்டைத் திறப்பதற்கு முன் கதவோரமாக, "யாரும் அவசரப்பட வேணாம். செருப்பக் கீழ விட்டுறாதீக. நாஞ் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரா வாங்க" என்றேன்.

"சரிண்ணே" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. எழில் குரல்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. எட்டுப் பேரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். ஒருத்தி செருப்பும் வெளியே தெரியவில்லை. எல்லாரும் மண் உதிராமல் முந்தானையில் சுற்றி நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தார்கள். எனக்கு அவர்கள் பாடம் எடுத்திருக்கலாம். நடுவில் தரையில் இரண்டு தட்டு. ஒன்றின் மேல் காகிதம் மூடியிருந்தது. இன்னொன்றின் மேல், தூசிக்காகச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றிச் சோலை போர்த்தியிருந்தாள், வேர்வை சொட்டக் கூடாதென்று. என்னுடைய பழைய சட்டை அது.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தார்கள். கடைசியாகச் சோலை வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனாள். எழில் கேட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மேடம் தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. மருந்தை அழிப்பதற்கு ஆட்கள் வந்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு எழுதிக் கேட்டில் ஒட்டினார்கள். ரூம்களுக்குச் சீல் வைத்தார்கள். பாண்டிமுருகனை ஜீப்பில் உட்கார வைத்தார்கள். முதலாளி போனை எடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டு என் வாக்குமூலத்தை எழுதினார்கள். "11.50 மணியளவில் மேற்படி போர்மேன் தாமாக முன்வந்து தெரிவித்ததன் பேரில்" என்று ஜெப்ரின் படித்துக் காட்டியபோது நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

"இந்த வரி உங்களுக்குக் கேஸ்ல உதவும்" என்றார் மேடம். "சான்றிதழ் போகத்தான் செய்யும். ஆனா எட்டு உசுரக் காப்பாத்திருக்கீங்க. அதையும் நான் ரிப்போர்ட்ல எழுதுவேன்."

கையெழுத்துப் போட்டேன்.

கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. ஒன்றும் வெடிக்கவில்லை. வெடிக்காத மருந்தைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டில் ஒட்டிய உத்தரவுதான். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அறுபது பேர் வேலையை ஒருத்தன் வாயால் கெடுத்துவிட்டான். "இன்னும் அரைமணி நேரம் பொறுத்திருந்தா அந்தம்மா போயிருக்கும்" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவள் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. அரைமணி நேரம் பொறுக்கிற கணக்கை நானும் போட்டவன்தானே.

கம்பெனி வேன் கிளம்பியது. எங்களுக்கு இடம் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, காலியாக இருந்த சீட்டில் தூக்குவாளிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நானும் சோலையும் பஸ் ஏற மெயின் ரோட்டுக்கு நடந்தோம். ஒன்றரை கிலோமீட்டர். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் மானாவாரிப் பருத்தி வாடிக் கிடந்தது. பாதித் தூரம் போயிருப்போம். நானாகவே பேச்சைத் தொடங்கினேன்.

"ஜெயக்கொடிக்காகப் போனியாக்கும்?"

"கால வச்சுக்கிட்டு அவ எங்கன ஓடுவா?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நான் உள்ள இருக்கேன்னு எப்பத் தெரியும் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அவ ஓம் பேரச் சொன்னப்ப."

"ஒடனே சொல்லிட்டீகளா?"

"ஒடனே."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது. அவளுக்காகத்தான் சொன்னேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பினேன். பதினாறு வருடச் சான்றிதழைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், வேறு யாருக்காகப் போடுவேன்?

"அதுக்கு முன்னாடி உள்ள யாரு இருந்தாகன்னு தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளோ என்னவோ. "தெரியும்" என்றேன்.

"யாரு யாரு?"

சொன்னேன். ஜெயக்கொடி என்று நினைத்திருந்ததையும் சேர்த்து, எட்டுப் பெயரையும் ஒன்று விடாமல் சொன்னேன். பதினாறு வருடம் ஆட்களை எண்ணிய எனக்குத் தடுமாறவில்லை. அவள் நடையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள எனக்கு மூச்சு முட்டுச்சு. கதவத் தட்டப் போனேன்" என்றாள். "எழிலுதான் கையப் புடிச்சுக்கிட்டா. 'தட்டாதீக மதினி, பயப்படாதீக. பூட்டும்போது அண்ணன் என்னையப் பாத்துட்டாக. தெரிஞ்சுபோச்சுல்ல, இப்பத் தொறந்துருவாக'ன்னா. கதவச் சாத்துன ஒடனே சொன்னா. அதுக்கப்புறமும் சொல்லிக்கிட்டே இருந்தா."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முன்வாசல் வழியாக ஏறி, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் ஏறினேன். எனக்கும் சேர்த்து அவள் டிக்கெட் எடுக்கவில்லை.